அசையாதவளின் மதிப்பெண்

ஜூலை 3, புதன்

விபத்து நடந்த அன்று காலை வசந்தாமணி எண்பத்தொன்பது மதிப்பெண் வாங்கியிருந்தாள். நூற்றுக்கு எண்பத்தொன்பது. உறக்கத்தை அளக்கும் அவளது கைக்கடிகாரம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நிலாவை வரைந்து, நேற்றைய உறக்கம் மிக நன்று என்று ஆங்கிலத்தில் சான்றளித்திருந்தது. அதன் பிறகு அவள் குளித்தாள், சமைத்தாள், பள்ளிக்குக் கிளம்பினாள். ஒண்டிப்புதூர் மேம்பாலத்திலிருந்து இறங்குகையில், ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டரிலேயே உறங்கிப்போனாள். நல்லவேளையாக யார் மீதும் மோதவில்லை. பாலத்தின் பக்கச் சுவர்மீது மோதினாள். வலது தொடையெலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள்.

மருத்துவமனையிலிருந்து இன்று அனுப்பினார்கள். அவளுடைய அண்ணன் சென்னியப்பன் தாராபுரத்திலிருந்து காரோடு வந்து அழைத்துப் போனார். "ரெண்டு மாசம் நம்மூட்ல இருக்கட்டுங் மாப்ள. நீங்க வேலைக்குப் போயிட்டா இவளுக்குத் தண்ணி மோந்து குடுக்கக்கூட ஆளில்ல" என்றார். மறுப்பதற்கு என்னிடம் காரணம் இல்லை.

காரில் ஏறும் முன் வசந்தாமணி கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கண்ணாடியில் ஒரு கீறல், மற்றபடி ஓடுகிறது. "இது உங்களுக்குத்தானுங்க வேணும்" என்றாள். வழக்கில் சான்றாகத் தேவைப்படும் என்பதை அவளும் உணர்ந்திருக்கிறாள்.

அந்த வழக்குக்காகவே இந்த நாட்குறிப்பைத் தொடங்குகிறேன். உறங்காத ஒரு பெண்ணை உறங்கியதாகக் காட்டிய கருவி அது. அதைச் செய்து விற்றவர்கள் நுகர்வோர் ஆணையத்தின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். நடந்ததை நடந்தவாறு எழுதுவேன். உணர்ச்சிகளுக்கு இதில் இடமில்லை.

ஜூலை 5, வெள்ளி

அவள் ஆட்டி வைத்துவிட்டுப் போயிருந்த தோசை மாவு பொங்கி, குளிர்சாதனப் பெட்டிக்குள் வழிந்து காய்ந்துவிட்டிருந்தது. சுரண்டி எடுத்தேன். காலையில் காப்பியோடு உட்கார்ந்து, வழக்கம்போல் கைப்பேசியில் அவள் மதிப்பெண்ணைத் திறந்தேன். 'தரவு இல்லை' என்றது.

ஜூலை 8, திங்கள்

நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். எடுத்தவர் இளைஞர், மரியாதையாகப் பேசினார், ஒன்றும் தெரியாதவர்.

"உங்கள் உறக்க மதிப்பெண்ணை எந்த மாஸ்டரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"மாஸ்டர்னு யாரும் இல்ல சார். எனக்கு மேல சூப்பர்வைசர் இருக்காரு, லைன் குடுக்கட்டுங்களா?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் பீளமேட்டில் ஒரு பம்பு தொழிற்சாலையின் அளவுத்திருத்த ஆய்வகத்துக்குத் தலைவன். இயற்பியலில் முதுகலை முடித்த நாள் முதல் செய்வது ஒரே வேலைதான். தொழிற்சாலைக்குள் இருக்கும் ஒவ்வோர் அளவுகோலும் ஆண்டுக்கொரு முறை என் மேசைக்கு வரும். அதைவிட நம்பகமான ஒரு மூல அளவோடு வைத்துப் பார்ப்போம். அந்த மூல அளவைத்தான் மாஸ்டர் என்கிறோம். ஒத்துப்போகாத கருவிக்குச் சிவப்புச் சீட்டு கட்டி அலமாரியில் பூட்டுவோம். விலை உயர்ந்தது, வெளிநாட்டிலிருந்து வந்தது, காட்சித் திரை பளபளக்கிறது என்பதற்காக நான் எந்தக் கருவிக்கும் சலுகை காட்டியதில்லை. மாஸ்டரோடு ஒப்பிடாத கருவி சொல்வது அளவு அல்ல, அபிப்பிராயம். புதிதாக வரும் ஒவ்வொரு பொறியாளருக்கும் முதல் நாளே இதைச் சொல்வேன்.

உறக்கத்தை உண்மையாக அளக்க வேண்டுமென்றால் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்ய வேண்டும். கைக்கடிகாரத்துக்கு மூளை தெரியாது. கை அசைகிறதா, நாடி எப்படித் துடிக்கிறது என்று பார்த்து ஊகிக்கிறது. அசையாமல் கிடப்பவர் அதன் கணக்கில் உறங்குகிறார்.

சூப்பர்வைசர் வந்தார். "இது வெல்னஸ் புராடக்ட் சார், மெடிக்கல் டிவைஸ் கெடையாது" என்றார். வேறு என்ன கேட்டாலும் அதையே சொன்னார்.

ஜூலை 11, வியாழன்

கடிகாரத்தை நானே அணியத் தொடங்கியிருக்கிறேன். அவளுடைய துளையிலிருந்து மூன்று துளை தள்ளிப் பூட்ட வேண்டியிருக்கிறது. அவள் மணிக்கட்டு இவ்வளவு சிறியது என்பதை இதுவரை கவனித்ததில்லை.

இன்று மாதாந்திரத் தர மீளாய்வுக் கூட்டம். பொது மேலாளர் பேசினார். கைகளை மேசைமீது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால், கூட்டம் முழுவதையும் பகல் உறக்கம் என்று கடிகாரம் பதிவு செய்திருந்தது. அதில் பாதி ஆழ்ந்த உறக்கமாம். என் உதவியாளர் ஜெயசீலனிடம் காட்டினேன்.

"இதுல தப்பே இல்லீங் சார்" என்றார். "ஜி.எம். பேசறப்ப நம்ம எல்லாத்துக்கும் அப்படித்தான் காட்டும். அந்தாளுக்கே கட்டிப் பாத்தாலும் அப்படித்தான் காட்டும்."

சிரிக்கும் மனநிலையில் நான் இல்லை. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். முதல் சான்று.

ஜூலை 14, ஞாயிறு

தாராபுரம் சென்றேன். பல்லடம் தாண்டியதும் காற்று பேருந்தையே தள்ளுகிறது. காற்றாலைகள் வெறி பிடித்தவைபோல் சுற்றிக்கொண்டிருந்தன.

வசந்தாமணி வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன்னறை வரை நடந்து வந்தாள். இளைத்திருக்கிறாள். ஆனால் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை குறைந்திருப்பதாகத் தோன்றியது. வெளிச்சத்தின் காரணமாகவும் இருக்கலாம். அவளுடைய தலையணையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள், மறந்துவிட்டேன். கடந்த ஆறு மாதத்து மதிப்பெண்களை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே காலியிடம் விட்டிருந்தேன். எந்தெந்த நாளில் விழித்திருந்தாள் என்பதை அவள் அதில் குறித்துத் தர வேண்டும்.

தாளை வாங்கிப் பார்த்தாள். புரட்டவில்லை.

"எல்லா நாளும்தானுங்க."

"எல்லா நாளும் என்பது பதில் ஆகாது, வசந்தா. தேதிவாரியா வேணும்."

"தேதிவாரியாத்தானுங்க அப்பவே சொன்னேன்."

தீவனக் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த சென்னியப்பன் அந்தத் தாள்களை எட்டிப் பார்த்தார். "ஏனுங் மாப்ள, வாத்தியாரம்மாவுக்கே பரீட்சை பேப்பர் கொண்டாந்திருக்கீங்களா? பெயிலாப் போனா மறுபடியும் எழுதணுமா?" என்று கேட்டுச் சிரித்தார். வசந்தாமணியும் சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கேட்டு நாளாயிற்று.

சாப்பிடும்போது அவர் வேறொன்றும் சொன்னார். "இங்க பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல்ல தாவரவியலுக்கு எடம் காலியா இருக்குதாமா. கால் இப்படி இருக்கறதச் சொல்லி மாறுதல் கேட்டா குடுத்துருவாங்களாட்டம். என்னங் மாப்ள சொல்றீங்க?"

வசந்தாமணி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வழக்கு முடியட்டும் என்றேன். வழக்கில் வென்றுவிட்டால் அவள் மனம் ஆறும், வீட்டுக்குத் திரும்புவாள். இதில் எனக்கு ஐயமில்லை.

தேதிப் பட்டியல் காலியாகவே திரும்பி வந்தது.

ஜூலை 17, புதன்

வழக்கறிஞர் மேகலாவைச் சந்தித்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். குறுக்கே பேசாமல் கேட்பவர். அது நல்ல பழக்கம் என்றே முதலில் நினைத்தேன்.

"மேடம் தூங்கலைங்கறதுக்கு ஆதாரம் என்ன சார்? கடிகாரம் தூங்கினாங்கன்னு சொல்லுது. இல்லைன்னு சொல்ல யார் இருக்கா? அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருக்காங்களா?"

மார்ச் மாதம் மருத்துவரிடம் சென்றதைச் சொன்னேன். வசந்தாமணி தனக்குத் தூக்கமே இல்லை என்று அவரிடம் தெளிவாகச் சொன்னாள். அந்த மனிதர் அதைக் காதில் வாங்கவில்லை. கைப்பேசியில் இருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேம்மா தூங்கறீங்க, சும்மா மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நோயாளி எதிரே உட்கார்ந்திருக்க, பொம்மையைப் பார்த்து வைத்தியம் செய்த மனிதர். அவரையும் எதிர்தரப்பில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"அந்த போனை டாக்டர் கையில யார் சார் குடுத்தது?"

"நான்தான்."

"மேடம் கேட்டுக் குடுத்தீங்களா?"

"இல்லை. தகவல் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக."

தலையாட்டினார். "வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்காங்களா சார்?"

"என்னிடம் சொன்னாள்."

"எப்ப?"

"காலைகளில்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மதிப்பெண்ணை வாசித்துக் காட்டுவேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். வசந்தாமணியின் உறுதிமொழிப் பத்திரம் இல்லாமல் வழக்கு நிற்காது, அதை முதலில் வாங்கி வாருங்கள் என்றார். இடைப்பட்ட காலத்தில் நிறுவனத்துக்கு ஓர் அறிவிப்பு அனுப்பப்படும்.

திரும்பும் வழியில் கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தேன். துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தான் என்று தெரியாமல் கையால் துவைத்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று பிற்பகல் முறையான சோதனை. உறங்காத ஒருவர் நல்ல மதிப்பெண் வாங்க முடியும் என்று நிறுவ வேண்டும். சாட்சியாக ஜெயசீலனை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர் நாற்காலியில் நாளிதழோடு உட்கார்ந்தார். நான் கண்ணைத் திறந்தபடி, வசந்தாமணி படுக்கும் இடத்தில், அவள் படுப்பதுபோல் மல்லாந்து படுத்தேன்.

முதல் முறை தோற்றேன். சிறிது நேரத்தில் இடுப்பு வலித்தது, ஒருக்களித்தேன். கடிகாரம் அதைக் கண்டுபிடித்து 'விழிப்பு' என்று எழுதிவிட்டது. கருவி இந்த விஷயத்தில் கூர்மையானது. ஒருமுறை புரண்டாலும் மதிப்பெண் சரிந்துவிடுகிறது.

இரண்டாம் முறை அசைவதில்லை என்று தீர்மானித்தேன். முதலில் மூக்கு அரித்தது. பிறகு குதிகால் எரிந்தது. தோளுக்குக் கீழே கை மரத்தது. மூச்சை மெதுவாக விட வேண்டும், எச்சில் விழுங்குவதைக்கூட அளந்து விழுங்க வேண்டும். உடம்பு முழுவதும் திரும்பு திரும்பு என்று கெஞ்சுகிறது. அதை ஒரு நாயை அதட்டுவதுபோல் அதட்டிக்கொண்டே கிடக்க வேண்டும்.

"சார், மூக்கு அரிச்சாச் சொறிஞ்சுக்கங்க சார். நா யார்கிட்டயும் சொல்லலை" என்றார் ஜெயசீலன்.

பதில் சொன்னால் தாடை அசையும். சொல்லவில்லை.

வெற்றி. கடிகாரம் அதை ஆழ்ந்த உறக்கம் என்றது. ஒரு குறையும் சொல்லவில்லை. கட்டிலிலிருந்து எழக் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஜெயசீலன் காப்பி போட்டார். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. குடித்துக்கொண்டே கேட்டார்:

"ஒரு சந்தேகமுங் சார். தூக்கம் வரலைன்னா நானெல்லாம் கட்டில்ல அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு உருண்டுட்டே இருப்பேன். என்ற சம்சாரம் ஒதைக்கும். மேடம் ஏன் சார் அசையாமயே படுத்திருந்தாங்க?"

கேள்வி சோதனைக்கு வெளியே உள்ளது. பதிவுக்காக மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 24, புதன்

மெத்தையை வெயிலில் போட்டேன். இலவம்பஞ்சு. என் பாதி முழுவதும் பரவலாக அமுங்கியிருக்கிறது. அவள் பாதியில் ஓரத்தை ஒட்டி ஓர் ஆள் நீளத்துக்கு ஒரே ஒரு குறுகிய பள்ளம். அதைச் சுற்றிலும் பஞ்சு புதிதாக வாங்கிய நாளில் இருந்த உயரத்திலேயே இருக்கிறது.

தட்டிப் பார்த்தேன். பள்ளம் எழவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

நிறுவனத்தின் பதில் வழக்கறிஞருக்கு வந்திருக்கிறது. வழவழவென்று இரண்டு பக்கம். சாரம் இதுதான்: மதிப்பெண் ஒரு மதிப்பீடு மட்டுமே, பயனாளர் தம் உடல் உணர்வதையே முதன்மையாகக் கொள்ள வேண்டும், கடிகாரம் காட்டுவதும் உடல் சொல்வதும் மாறுபட்டால் உடல் சொல்வதையே நம்ப வேண்டும், இவை யாவும் கையேட்டில் அச்சிடப்பட்டுள்ளன.

எத்தகைய கோழைத்தனம். பெட்டியின் மேலே நிலாவும் நட்சத்திரமும்; பெட்டியின் உள்ளே, எறும்பும் படிக்க முடியாத எழுத்தில், எங்களை நம்பாதீர்கள் என்று ஒரு வரி. விற்பவனும் அவனே, விற்றதை மறுப்பவனும் அவனே. இப்படி ஒரு சான்றிதழை என் ஆய்வகத்தில் எவராவது எழுதினால் அன்றே வெளியேற்றியிருப்பேன்.

"யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் சார் போடறாங்க" என்றார் மேகலா. "நாம அதையே வாதமா வைக்கலாம். கையேட்டை நீங்க யாரும் படிக்கலைன்னு மேடம் பத்திரத்துல ஒரு வரி சேர்த்துக்குவோம்."

சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து கையேட்டைத் தேடி எடுத்தேன். எந்தக் கருவி வாங்கினாலும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பது என் வழக்கம். அந்த வரியின் கீழே பென்சில் கோடு இருக்கிறது. நான் பயன்படுத்தும் பென்சில்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. பேரூர்ப் படித்துறைக்குப் போகிறவர்கள் காலையிலிருந்து தெருவை நிறைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் வசந்தாமணி சித்திரான்னம் செய்வாள். பக்கத்து வீட்டிலிருந்து தேங்காய்ச் சாதம் வந்தது.

தாரணி மெல்போர்னிலிருந்து அழைத்தாள். கடிகாரத்தை வாங்கி அனுப்பியது எங்கள் மகள்தான். அம்மா தூக்கமில்லை தூக்கமில்லை என்று சொல்கிறாளே, காரணம் தெரியட்டும் என்று சென்ற தீபாவளிக்கு அனுப்பினாள். அம்மாவுக்கு ஆப் எல்லாம் வராது, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று என் கைப்பேசியில் இணைத்ததும் அவளே.

"கேஸ் வேண்டாம்பா."

"ஏன்?"

"அம்மாவுக்கு வேண்டாமாம். நான் கேட்டேன். எனக்கும் குற்ற உணர்ச்சியா இருக்குப்பா. நான் அந்தச் சனியனை அனுப்பாம இருந்திருந்தா, அம்மா சொன்னதையாவது யாராவது கேட்டிருப்பீங்க."

யாராவது கேட்டிருப்பீங்க. அந்தப் பன்மை என் ஒருவனுக்குரியது என்பது புரிந்தது. அவள் அழுதாள். உன் மீது தவறில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி எது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பதிலாக ஜெயசீலனின் கேள்வியைக் கேட்டேன். அம்மா ஏன் அசையாமல் படுத்திருந்தாள், உனக்குத் தெரியுமா?

"உங்களுக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையாப்பா? நான் ப்ளஸ் டூ படிக்கறப்ப. உங்க ஆபீஸ்ல ஆடிட். அம்மா பொரண்டு படுக்கறதுல உங்களுக்கு முழிப்பு வந்துருச்சுன்னு சத்தம் போட்டீங்க. 'எனக்கு நாளைக்கு ஆடிட் இருக்கு, அசையாமப் படு, இல்லேன்னா கீழ படு'ன்னு. எனக்கு அடுத்த ரூம்ல கேட்டுது."

நினைவு இருக்கிறது. வெளிநாட்டுத் தணிக்கைக் குழு வந்திருந்தது. ஆய்வகத்தின் அங்கீகாரமே அதில் அடங்கியிருந்தது. அந்த ஒரு வாரத்துக்காகச் சொன்ன வார்த்தை. தணிக்கையில் தேறினோம். இனிப்பு வாங்கி வந்தேன். வாரம் முடிந்துவிட்டது, இனி நீ புரண்டு படுக்கலாம் என்று சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவில் இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. கொடுத்த உத்தரவு முறைப்படி திரும்பப் பெறப்படாத வரை நடப்பில் இருப்பதாகவே பொருள். அந்த விதியை எழுதியவன் நான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

உறுதிமொழிப் பத்திரத்தோடு தாராபுரம் சென்றேன். தலையணையையும் எடுத்துப் போனேன்.

வாக்கர் போய்க் கைத்தடி வந்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மர நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையணையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பத்திரத்தை மூக்குக்கண்ணாடி போட்டு, மாணவியின் விடைத்தாளைத் திருத்துவதுபோல் நிதானமாகப் படித்தாள். 'மேற்படி கருவி என்னை உறங்கியதாகத் தவறாகக் காட்டியதை நம்பியதால்' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"நான் எப்பங்க நம்பினேன்?"

"சட்ட மொழி அப்படித்தான் இருக்கும்."

"கையேட்டை யாரும் படிக்கலைன்னு வேற போட்டிருக்குதுங்க. நீங்க படிக்காம ஒரு சாமான் நம்மூட்டுக்குள்ள வந்திருக்குதா?"

பத்திரத்தை மடித்தாள்.

"அந்தக் கடியாரத்து மேல எனக்குக் கோபமில்லீங்க. அது பாட்டுக்கு ஒரு நம்பரக் காட்டுச்சு. நான் பொய் சொல்றேன்னு அது சொல்லலை." குரலில் சூடு எதுவும் இல்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "ஆரம்பத்துல, ராத்திரி முழுக்கப் பொட்டுக் கண்ணு மூடலைங்கன்னு சொன்னேன். எண்பத்தஞ்சுன்னு சொன்னீங்க. தலை கிர்ருங்குதுங்கன்னேன். எண்பத்தேழுன்னு சொன்னீங்க. அப்பறம் சொல்றதையே உட்டுட்டேன். ஸ்கூல்ல மேகநாதன் சார் கேட்டாரு, ஏம்மா கண்ணெல்லாம் இப்படி இருக்குதுன்னு. எண்பத்தெட்டு சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"ஆடிட் முடிஞ்சப்பறம் நீ புரண்டு படுத்திருக்கலாமே, வசந்தா" என்றேன். சொல்ல நினைத்து வந்தது அதுவல்ல. மன்னிப்புக்கு மிக அருகில் இருக்கும் வாக்கியம் என்று எனக்குத் தோன்றியது. வெளியே வந்தபோது குற்றச்சாட்டைப்போல் ஒலித்தது.

"அடுத்த வருசமும் ஆடிட் வந்துச்சுங்களே" என்றாள்.

உள்ளேயிருந்து சென்னியப்பனின் மனைவி மோர் கொண்டுவந்தார். "அண்ணா, உங்க சம்சாரம் தூங்கற அழக நீங்க பாக்கணுமே. கட்டில்ல குறுக்க படுத்து, கால ஒரு பக்கம் போட்டு, தலகாணி ஒரு பக்கம் உழுந்து கெடக்கும். கொழந்தப் புள்ளையாட்டம்" என்றார்.

வசந்தாமணி வெட்கத்தோடு அவரை அடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மாறுதலுக்கு எழுதிக் குடுத்துட்டேனுங்க. கேட்டுட்டுக் குடுத்திருக்கணும். கேட்டா நீங்க ஏதாச்சும் கணக்குச் சொல்லுவீங்கன்னு குடுத்துட்டேன்."

"சரி" என்றேன்.

கையெழுத்துப் போடாத பத்திரத்தோடு பேருந்து ஏறினேன். இறங்கும்போதுதான் கவனித்தேன்: பல்லடம் வரை கடிகாரம் தன் கணக்கில் என்னை உறங்கவைத்திருந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வழக்கறிஞரிடம் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "நானும் இதைத்தான் சார் எதிர்பார்த்தேன்" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை.

கடிகாரத்தை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ச் சிவப்புச் சீட்டு எழுதினேன். சீட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு: கருவியின் பிழை, கையாண்டவரின் பிழை. முதலாவதில் குறியிட்டேன். நெடுநேரம் கழித்து இரண்டாவதிலும் குறியிட்டேன்.

"ரெண்டுலயும் டிக் போட்டா சிஸ்டம் எடுக்காதுங் சார்" என்றார் ஜெயசீலன். "ஏதாச்சும் ஒண்ணுதான்."

முதலாவதை அடித்துவிட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிப் படித்தார். கடிகாரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஆகஸ்ட் 14, புதன்

மூல அளவு என்னோடு ஒரே கட்டிலில் படுத்திருந்தது. காலைதோறும் தானாக எழுந்து வந்து அளவைச் சொன்னது.

ஆகஸ்ட் 26, திங்கள்

மாறுதல் ஆணை வந்துவிட்டது. தாரணிதான் சொன்னாள். வசந்தாமணியின் புத்தகங்களையும் பருத்திப் புடவைகளையும் அட்டைப் பெட்டிகளில் கட்டி வைத்திருக்கிறேன். சென்னியப்பன் வண்டி அனுப்புகிறாராம். துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டைப் படித்தேன். எளிது.

செப்டம்பர் 2, திங்கள்

அவள் புதிய பள்ளியில் சேரும் நாள். காலையில் காப்பி போட்டு, அது ஆறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அவளை அழைத்தேன். எதற்காக அழைக்கிறேன் என்று தெளிவாக இருந்தேன். முப்பதாண்டுக் குடும்ப வாழ்க்கையில் நான் கேட்டதாக நினைவில்லாத ஒரு கேள்வியைக் கேட்பதற்காக.

"சொல்லுங்க" என்றாள். பின்னணியில் குக்கர் சத்தம்.

"தூங்கினியா?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"தூங்கினேனுங்க. நடுவுல ஒருக்கா முழிப்பு வந்துச்சு. புது ஸ்கூலுங்கறதால இருக்கும். அப்பறம் திரும்பிப் படுத்தேன், வந்துருச்சு."

"சரி" என்றேன். சரிபார்க்க என்னிடம் எதுவும் இல்லை. தேவைப்படவும் இல்லை. ஆனால் இதைச் சொல்ல அவள் அந்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. நான் இந்த ஊரில் இருக்கிறேன்.

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நீங்க தூங்கினீங்களா?"

என்னையறியாமல் மணிக்கட்டைப் பார்த்தேன். கடிகாரம் இருந்த இடத்தில் வெளிறிய ஒரு பட்டை மட்டும் இருந்தது.

"இல்லை" என்றேன்.

"சரிங்க" என்றாள், மெதுவாக. எதையும் கேட்காமல் நம்பினாள்.